அயர்லாந்தில் பதிலே வரவில்லையா? எந்தச் சிக்கலுக்கு எந்தக் கதவு

மின்சார பில் தப்பாக வருகிறது, இணையம் நின்றுவிட்டது, வங்கி பணத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அயர்லாந்தில் இப்படி ஏதாவது நடந்தால் நம்மில் பெரும்பாலோர் திரும்பத் திரும்ப ஃபோன் போடுகிறோம். ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் எடுக்கிறார், கதையை முதலிலிருந்து சொல்கிறோம், "ரெண்டு நாள்ல கூப்பிடுறோம்" என்கிறார், யாரும் கூப்பிடுவதில்லை.

இந்த நாட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு துறைக்கும் மேலே ஒரு கண்காணிப்பு அமைப்போ ஆம்புட்ஸ்மன் எனப்படும் குறைகேட்பு அதிகாரியோ உண்டு. பெரும்பாலும் கட்டணமும் கிடையாது. ஆனால் அந்தக் கதவைத் தட்டுவதற்கு முன் சம்பந்தப்பட்ட நிறுவனத்திடம் முறையாகப் புகார் கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் இறுதிப் பதில் சொல்லியிருக்க வேண்டும், அல்லது கெடு தாண்டியிருக்க வேண்டும். ஃபோனில் சொன்னது பல இடங்களில் வெறும் விசாரிப்பாகத்தான் பதிவாகிறது. அதனால் கெடு ஓடத் தொடங்குவதே இல்லை. பொறுமையாகக் காத்திருந்த எத்தனையோ பேர் மாதக்கணக்கில் தொடங்கிய இடத்திலேயே நிற்பதற்கு இதுதான் காரணம்.

உங்கள் சிக்கல் கீழே எங்கே இருக்கிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை எல்லோரும் படித்துவிடுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். தலைப்பிலேயே "ஃபார்மல் கம்ப்ளைண்ட்" என்று ஆங்கிலத்தில் போட்டு, பக்கத்தில் உங்கள் கணக்கு எண்ணைக் குறிப்பிடுங்கள். உள்ளே மூன்று விஷயம் போதும்: என்ன நடந்தது (தேதியோடு), உங்களுக்கு என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும். "நியாயம் வேண்டும்" என்று எழுதினால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. "மார்ச் மாதம் கூடுதலாக எடுத்த 84 யூரோவைத் திருப்பித் தரவும்" என்று எழுதினால் ஆம், இல்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கடைசியில் புகார் எண் கேளுங்கள்.

அரைப் பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ஆங்கிலம் அழகாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தேதியும் தொகையும் சரியாக இருந்தால் போதும். ஃபோனில்தான் பேச முடியும் என்றால் பேசி முடித்த கையோடு "இன்று உங்கள் ஊழியர் இப்படிச் சொன்னார்" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். சாட்டில் பேசினால் சன்னலை மூடுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள்.

பழைய கடிதங்களில் 1890, 1850 என்று தொடங்கும் எண்கள் இருந்தால் அவற்றை அழைக்க வேண்டாம். 2022 ஜனவரியோடு அவை நிறுத்தப்பட்டுவிட்டன. இப்போது புழக்கத்தில் இருப்பது 0818. அதற்குச் சாதாரண லேண்ட்லைன் அழைப்புக்கான கட்டணம்தான்.

நம் ஆட்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். "புகார் கொடுத்தால் அடுத்த முறை ஸ்டாம்ப் (தங்கும் அனுமதி) புதுப்பிக்கும்போது ஏதாவது ஆகுமா?" ஆகாது. மின்சார நிறுவனத்தின் மீதோ வங்கியின் மீதோ கொடுக்கும் புகாருக்கும் குடிவரவுத் துறைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. இந்தப் பயத்தால் தன் உழைப்பில் வந்த பணத்தை விட்டுக்கொடுத்தவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

அறிகுறி: மின்சார பில் திடீரென்று எகிறிவிட்டது

பில்லில் மீட்டர் அளவுக்குப் பக்கத்தில் ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். "ஏ" என்றால் நேரில் எடுத்த அளவு. "சி" என்றால் வாடிக்கையாளர் கொடுத்த அளவு. "ஈ" என்றால் உத்தேசம். பில் எகிறிய வீடுகளில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த எழுத்தைத்தான்.

"ஈ" இருந்தால் மீட்டர் பெட்டியைத் திறந்து எண்ணைப் படம் எடுங்கள். பில்லில் இருக்கும் எண்ணைவிட மீட்டர் எண் குறைவாக இருந்தால், நீங்கள் செலவழிக்காத மின்சாரத்துக்குப் பணம் கேட்கிறார்கள். அளவை அனுப்பி, திருத்திய பில் கேளுங்கள். மீட்டர் எண் கூடுதலாக இருந்தாலும் அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் உத்தேசமும் உண்மையும் விலகிக்கொண்டே போய், ஒரு நாள் மொத்தமாகத் தலையில் விழும்.

இதில் குழப்பம் எங்கே வருகிறது என்றால், மீட்டரும் கம்பியும் ஈ.எஸ்.பி. நெட்வொர்க்ஸுக்குச் சொந்தம், பில் போடுவது நீங்கள் தேர்ந்தெடுத்த விற்பனை நிறுவனம். அளவில் தவறு என்றால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். உங்கள் ஒப்பந்தம் விற்பனை நிறுவனத்தோடுதான். புகாரை அங்கேயே வையுங்கள். நெட்வொர்க்ஸிடம் கேட்டு வாங்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. கடிதம் எதுவானாலும் உங்கள் மின் இணைப்புக்கான 11 இலக்க எம்.பி.ஆர்.என். எண்ணைக் குறிப்பிடுங்கள். பெயர் மாறலாம், கணக்கு மாறலாம், அந்த எண் வீட்டோடு ஒட்டியது. எரிவாயுவுக்கு இதேபோல் 7 இலக்க ஜி.பி.ஆர்.என். உண்டு.

புது வாடகை வீட்டுக்குப் போகிறவர்கள் சாவி வாங்கிய அன்றே மீட்டரைப் படம் எடுத்து, அன்றைய தேதியோடு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். முன்பு குடியிருந்தவர் வைத்துவிட்டுப் போன கடன் உங்களுடையது ஆகாது. ஆனால் நீங்கள் எந்த அளவிலிருந்து தொடங்கினீர்கள் என்று காட்ட அந்தப் படம் ஒன்றுதான் சாட்சி.

நிறுவனத்தின் இறுதிப் பதில் திருப்தி இல்லையென்றால் அடுத்த கதவு சி.ஆர்.யூ. என்கிற பயன்பாட்டுச் சேவைகள் ஒழுங்குமுறை ஆணையம். மின்சாரம், எரிவாயு, ஐரிஷ் வாட்டர் என்று நாம் அழைத்துவந்த குடிநீர் நிறுவனமான இஷ்கா ஏரன், மூன்றுமே இங்கே வரும்.

அறிகுறி: இணையம் வேலை செய்யவில்லை, "எஞ்சினியர் வருவார்" என்கிறார்கள், வருவதில்லை

ஃபைபர் இணைப்பு என்றால் சுவரில் இருக்கும் சின்னப் பெட்டியைப் பாருங்கள். அதில் "லாஸ்" என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் கம்பியில் ஒளியே வரவில்லை. மோடத்தைப் பத்து தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. ஃபோனில் முதல் வாக்கியமாக இதைச் சொன்னால் அரை மணி நேரச் சோதனைகள் மிச்சம். விளக்கு பச்சையாக இருந்தால் மடிக்கணினியை மோடத்தில் கம்பி போட்டு நேரடியாக இணைத்துப் பாருங்கள். அப்போது வேகம் வந்தால் கோளாறு வீட்டு வைஃபையில்.

இங்கும் மின்சாரக் கதைதான். தெருவில் போகும் கம்பி ஓப்பன் எயர், சீரோ, என்.பி.ஐ. போன்ற மொத்த நிறுவனங்களுடையது. அவர்கள் உங்களோடு பேச மாட்டார்கள். யாரிடம் மாதப் பணம் கட்டுகிறீர்களோ அவர்களிடம் புகார் கொடுங்கள். 10 வேலை நாளில் தீரவில்லை என்றால் காம்ரெக் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகலாம். அங்கே புகார் எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.

"உங்கள் முகவரி எங்கள் கணினியில் இல்லை" என்று இணைப்பே தர மறுத்தால் பிரச்சினை எயர்கோடில் இருக்கும். 2015-இல் வந்த இந்த 7 எழுத்து அஞ்சல் குறியீடு ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி. புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் குறியீடு வந்த பிறகும் நிறுவனங்களின் பட்டியலில் ஏறச் சமயம் பிடிக்கும். எயர்கோட் தளத்தில் உங்கள் வீடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தப் பக்கத்தின் படத்தோடு நிறுவனத்துக்கு எழுதி, கையால் சேர்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: புது வேலை, சம்பளத்தில் பாதியைக் காணோம்

இது எமர்ஜென்சி டாக்ஸ். புதிதாக வரும் நர்ஸ்களும் மென்பொருள் ஊழியர்களும் அதிகம் அதிர்ச்சி அடைவது இதில்தான். உங்கள் பி.பி.எஸ். எண்ணை (அரசு தரும் தனிநபர் எண்) முதலாளியிடம் கொடுக்காவிட்டால் முதல் நாளிலிருந்தே 40 சதவீதம் வரி. எண்ணைக் கொடுத்தும் வேலையை ரெவின்யூ எனும் வரித்துறையில் பதியாவிட்டால் முதல் 4 வாரம் ஓரளவு விட்டுப்பிடிப்பார்கள். ஐந்தாவது வாரத்திலிருந்து முழுச் சம்பளத்துக்கும் 40 சதவீதம். வரிக்கழிவு எதுவும் கிடையாது. மேலே யூ.எஸ்.சி. என்ற சமூக வரி வேறு.

சம்பளப் பிரிவோடு சண்டை போட்டுப் பலனில்லை. ரெவின்யூ அனுப்பும் அறிவிப்பு இல்லாமல் அவர்களால் மாற்ற முடியாது. நீங்களே ரெவின்யூவின் மைஅக்கவுண்ட்டில் நுழைந்து "ஜாப்ஸ் அண்ட் பென்ஷன்ஸ்" பகுதியில் வேலையைப் பதியுங்கள். முதலாளியின் வரிப் பதிவு எண் தேவைப்படும், சம்பளப் பிரிவில் கேளுங்கள். பதிந்ததும் அறிவிப்பு நேராகச் சம்பள மென்பொருளுக்குப் போகும். அதே ஆண்டுக்குள் என்றால் பிடித்த பணம் அடுத்தடுத்த சம்பளங்களில் திரும்பிவரும். பழைய ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டியிருந்தால் 4 ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்கலாம். ரெவின்யூவோடு பேச வேண்டியதை மைஅக்கவுண்ட்டுக்குள்ளேயே இருக்கும் மைஎன்கொயரீஸ் வழியாக எழுதுங்கள். பதில் எழுத்தில் வரும்.

அறிகுறி: வங்கி அல்லது காப்பீட்டு நிறுவனம் "இல்லை" என்று சொல்லிவிட்டது

வங்கியின் "இல்லை" முடிவான வார்த்தை ஆகாது. ஐரோப்பிய மத்திய வங்கியின் வட்டியைத் தொடர்ந்து மாறும் டிராக்கர் அடமானக் கடன் விவகாரத்தை இங்கே எல்லோருக்கும் தெரியும். வாடிக்கையாளர்களுக்கு உரிமையான வட்டி விகிதத்தை வங்கிகள் மறுத்தன. அயர்லாந்து மத்திய வங்கி ஆராய்ந்து 2019-இல் இறுதி அறிக்கை கொடுத்தபோது, பாதிக்கப்பட்டவர்கள் 40,000-க்கும் மேல், இழப்பீடு 68 கோடி யூரோவுக்கும் மேல். அவர்களில் பலருக்கு வங்கி முதலில் சொன்ன பதில் "உங்களுக்குத் தகுதி இல்லை" என்பதே.

முறையான புகாருக்கு வங்கி 5 வேலை நாளில் ரசீது தர வேண்டும். 40 வேலை நாளுக்குள் விசாரித்து முடிக்க முயல வேண்டும். முடிவில் வரும் "ஃபைனல் ரெஸ்பான்ஸ்" கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். அதோடு எஃப்.எஸ்.பி.ஓ. எனப்படும் நிதிச்சேவை மற்றும் ஓய்வூதிய ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். 40 நாள் தாண்டியும் கடிதம் வராவிட்டால் அது இல்லாமலும் போகலாம். செலவு இல்லை. முதலில் சமரசம் பேசுவார்கள். அது படியாவிட்டால் விசாரித்துத் தரும் தீர்ப்பு வங்கியைக் கட்டுப்படுத்தும்.

நீங்கள் ஒப்புதல் தராத பணம் கணக்கிலிருந்து போயிருந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் சொல்லுங்கள். கடுமையான கவனக்குறைவோ மோசடியோ உங்கள் பக்கம் இல்லாதவரை உங்கள் நஷ்டம் அதிகபட்சம் 50 யூரோ என்பது ஐரோப்பியச் சட்டம்.

கார் காப்பீடு தர எல்லோரும் மறுத்தால் குறைந்தது மூன்று நிறுவனங்களிடமிருந்து மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். பிறகு இன்ஷூரன்ஸ் அயர்லாந்து அமைப்பின் "டிக்ளைண்ட் கேசஸ்" ஏற்பாட்டின்கீழ் விண்ணப்பியுங்கள். ஃபோனில் சொன்ன மறுப்பு செல்லாது. கட்ட முடியாத அளவுக்கு விலை சொன்னால் அதையும் மறுப்பாகக் கருத வாய்ப்பு உண்டு, அந்தத் தாளையும் சேர்த்து அனுப்புங்கள்.

அறிகுறி: "கம்பெனியைக் கேளுங்க" என்று கடைக்காரர் கைவிரிக்கிறார்

பொருளை விற்றவரே பொறுப்பு. தயாரித்த நிறுவனத்தின் வாரண்டி அதற்கு மேல் கூடுதலாகக் கிடைப்பது. 2022 நவம்பர் 29 முதல் நடப்பில் இருக்கும் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்கலாம். முதல் ஓராண்டுக்குள் பழுது தெரிந்தால் அது வாங்கும்போதே இருந்த குறை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. மின்னஞ்சலில் சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். பதிலின் தொனி மாறுவதைப் பார்ப்பீர்கள்.

சி.சி.பி.சி. எனும் நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதிவிட்டுப் பலர் காத்திருக்கிறார்கள். அவர்கள் உரிமைகளை விளக்குவார்கள், தனிநபர் வழக்கை எடுத்து நடத்த மாட்டார்கள். உங்கள் பணத்துக்கான கதவு கடைசிப் பகுதியில் இருக்கிறது.

அறிகுறி: ஊரிலிருந்து வந்த பார்சல் சுங்கத்தில் நிற்கிறது

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பொருளுக்கு 2021 ஜூலை முதல் மதிப்பு எவ்வளவானாலும் வாட் வரி உண்டு. தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் பரிசு 45 யூரோவுக்குள் இருந்தால் மட்டும் விலக்கு. அனுப்புகிறவர் உள்ளே என்ன, எவ்வளவு மதிப்பு என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். "வீட்டுச் சாமான்" என்று பொதுவாக எழுதினால் தடைபடும். இறைச்சியும் பால் பொருட்களும் வரக்கூடாது. அம்மா ஆசையாக வைக்கும் பால்கோவாவும் கருவாட்டுக்குப் பக்கத்தில் வைக்கும் நெய்யும் போய்ச் சேராது. பார்சல் தொலைந்தால் விசாரணையை அனுப்பியவர்தான் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

அறிகுறி: வீடு காலி செய்தாயிற்று, டெபாசிட் வரவில்லை

வாடகை பாக்கி, கட்டாத பில், சாதாரணத் தேய்மானத்துக்கு மேற்பட்ட சேதம்: இவற்றுக்காக மட்டுமே வீட்டுக்காரர் பிடிக்கலாம். வாடகைதாரர் என்றால் ஆர்.டி.பி. எனும் குடியிருப்பு வாடகை வாரியத்தில் சமரசத்துக்கு விண்ணப்பியுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருந்து நீங்கள் ஒரு அறையில் தங்கியிருந்தால் ஆர்.டி.பி. எடுக்காது. நம் மாணவர்கள் பலர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் நேராகச் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

அறிகுறி: மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருந்தது, இப்போது இல்லை

"இன்னும் அந்தச் சந்திப்பு உங்களுக்கு வேண்டுமா?" என்று மருத்துவமனைகள் அவ்வப்போது கடிதம் அனுப்பும். பதில் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் நம்மைப் போன்றவர்களின் கடிதம் பழைய முகவரிக்குப் போய்விடுகிறது. அதனால் ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் ஜி.பி. எனும் குடும்ப மருத்துவருக்கும் மருத்துவமனைக்கும் தனித்தனியாக முகவரியைச் சொல்லுங்கள். ஒரு இடத்தில் சொன்னது இன்னொரு இடத்துக்குப் போகும் என்று நம்ப வேண்டாம். பெயர் போய்விட்டால் பழைய தேதியிலேயே மறுபடி சேர்க்கக் கேட்டு ஜி.பி.யையும் எழுதச் சொல்லுங்கள்.

எச்.எஸ்.இ. எனும் அரசுச் சுகாதாரத் துறையின் சேவையில் குறை என்றால் "யுவர் சர்வீஸ் யுவர் சே" என்ற புகார் முறை இருக்கிறது. 5 வேலை நாளில் ரசீது, 30 வேலை நாளில் விசாரணை. அதற்குப் பிறகும் தீராவிட்டால் ஆம்புட்ஸ்மன் அலுவலகம். நகராட்சி, சமூகப் பாதுகாப்புத் துறை போன்ற அரசு அமைப்புகள் மீதான புகாருக்கும் இதே அலுவலகம்தான். பொதுவாக 12 மாதத்துக்குள் போய்விட வேண்டும். மருத்துவரின் சிகிச்சை முடிவு சரியா என்பதற்குள் மட்டும் அவர்கள் போக மாட்டார்கள்.

அறிகுறி: குடிவரவு விண்ணப்பம் அப்படியே கிடக்கிறது

எல்லாவற்றையும்விட நம்மை வாட்டுவது இதுதான். குடிவரவுப் பதிவு கார்டு கையில் இல்லாமல் ஊருக்குப் போய்த் திரும்ப முடியாது. பெற்றோருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் தவிக்க வேண்டியதுதான். ஒரு கார்டுக்கு 300 யூரோ கட்டுகிறவர்களுக்கு எங்கே நிற்கிறது என்று சொல்லக்கூட ஆள் இல்லாதது சரியில்லை. இதை உரக்கச் சொல்ல நான் தயங்கவில்லை.

இதற்கு ஆம்புட்ஸ்மனிடம் போக வேண்டாம். குடிவரவு, குடியுரிமை முடிவுகள் அவருடைய அதிகாரத்துக்கு வெளியே என்று சட்டமே சொல்கிறது. இங்கே உதவக்கூடியவர் உங்கள் தொகுதியின் டி.டி., அதாவது நாடாளுமன்ற உறுப்பினர். ஒரு தொகுதிக்கு 3 முதல் 5 பேர் இருப்பார்கள். அவர்கள் தொகுதியில் வாரந்தோறும் மக்களைச் சந்திப்பது இந்த நாட்டின் வழக்கம். நீங்கள் குடிமகனாக இருக்கத் தேவையில்லை, தொகுதியில் குடியிருந்தால் போதும். தனிநபர் விண்ணப்பங்களின் நிலையை விசாரிக்க நீதித்துறை அமைச்சகம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கென்றே தனி மின்னஞ்சல் வழி வைத்திருக்கிறது. நீங்கள் கேட்டு வராத பதில் அந்த வழியில் வரும் வாய்ப்பு உண்டு. விண்ணப்ப எண், அனுப்பிய தேதி, அவசரக் காரணம், அதற்கான சான்று, உங்கள் சார்பில் விசாரிக்க அனுமதிக் கடிதம்: இவ்வளவையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். வரிசையை டி.டி.யால் தாண்ட வைக்க முடியாது. எங்கேயாவது தொலைந்து கிடக்கும் கோப்பு அவர் கேட்டால் கண்ணில் படும்.

இன்னொன்று: உள்ளாட்சித் தேர்தலில் எந்த நாட்டவரும் இங்கே குடியிருந்தால் வாக்களிக்கலாம். வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். கவுன்சிலரிடம் போய் நிற்கும்போது அவருடைய வாக்காளராக நிற்பீர்கள்.

அறிகுறி: "அப்படி நாங்கள் சொல்லவே இல்லை" என்கிறார்கள்

உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் எல்லாப் பதிவையும் கேளுங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தர வேண்டும். அழைப்புப் பதிவும் ஊழியர் கணினியில் எழுதிய குறிப்பும் அதில் அடக்கம். தேதியைச் சொல்லிக் கேட்டால் விரைவில் கிடைக்கும். தராவிட்டால் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்லலாம்.

அறிகுறி: எல்லாம் செய்தாயிற்று, பணம் வரவில்லை

சிறு வழக்கு நடைமுறை. 2,000 யூரோ வரை, கட்டணம் 25 யூரோ, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், வழக்கறிஞர் வேண்டாம். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 15 நாள். பதில் சொல்லாவிட்டால் கோரிக்கையை எதிர்க்கவில்லை என்று கருதி உங்கள் பக்கம் உத்தரவு கிடைக்கும். மறுத்தால் பதிவாளர் இருவரிடமும் பேசிப் பார்ப்பார், அதற்கும் பிறகே மாவட்ட நீதிமன்ற விசாரணை. விற்றவர் வேறொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டு நிறுவனம் என்றால் ஐரோப்பியச் சிறு வழக்கு நடைமுறையில் 5,000 யூரோ வரை கேட்கலாம்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் எதிர்த்தரப்பின் பெயர். கடைப் பலகையில் இருப்பது வணிகப் பெயர். சட்டப்படியான நிறுவனத்தின் பெயர் வேறாக இருக்கலாம். தவறான பெயரில் உத்தரவு வாங்கினால் பணம் வசூலிக்க முடியாது. ரசீதின் அடியிலும் நிறுவனத் தளத்தின் கடைசி வரியிலும் பாருங்கள். கிடைத்த பெயரை நிறுவனப் பதிவு அலுவலகத்தின் இணையத் தேடலில் போட்டு, பதிவு எண்ணோடும் பதிவு முகவரியோடும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். எங்கிருந்து தொடங்குவது என்றே புரியாவிட்டால் சிட்டிசன்ஸ் இன்ஃபர்மேஷன் சேவையை 0818 07 4000 என்ற எண்ணில் அழையுங்கள். ஊர்தோறும் அவர்களுக்கு மையம் உண்டு; படிவத்தை உட்கார்ந்து நிரப்பவும் உதவுவார்கள்.